நாலு விரல் மடிப்பு

"ஜூலை 11, வியாழன். இன்றைய தவறு: அக்கா அடி மடிப்பு நாலு விரல் விடச் சொன்னார். நான் இரண்டு விரல்தான் விட்டிருக்கிறேன். அநேகமாகக் கவனிக்க மாட்டார்."

டைரியைப் பைக்குள் திணித்துவிட்டு, மடியிலிருந்த பொட்டலத்தை இன்னொரு தடவை தடவிப் பார்த்தாள் ஸ்கேல். நாலு தடவை அளக்காமல் கத்தரியைத் தொடமாட்டாள் என்பதால், மாலைநேரத் தையல் வகுப்பில் அவளுக்கு அந்தப் பேர்.

இன்று வகுப்பில் கைமாற்று நாள், தைத்ததை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் நாள். டீச்சர் சீட்டுக் குலுக்கி எல்லோரையும் ஜோடி சேர்த்திருந்தார். ஜோடி கேட்கும் பொருளைக் கையாலேயே எம்பிராய்டரி போட்டுத் தைத்துத் தர வேண்டும். ஸ்கேலுக்கு வாய்த்தது கஞ்சக்கா.

கஞ்சக்கா பேக்கரியில் வேலை பார்ப்பவள். ஊசியில் அரை விரல் நூல் மிஞ்சினாலும் தூக்கிப் போட மனசு வராமல் டப்பாவில் சேர்த்து வைப்பாள். பேர் வைத்தது மொத்த வகுப்பும். கூப்பிட்டால் அவளும் சிரித்துக்கொண்டேதான் திரும்புவாள்.

"என் பொண்ணுக்கு ஒரு கவுன் தைச்சுக் குடு. எட்டு வயசு," என்று ஜோடி சேர்ந்த அன்றே கேட்டுவிட்டாள்.

"ஒரு நாள் கூட்டிட்டு வாங்கக்கா, அளவெடுத்துடறேன்."

"அதெல்லாம் எதுக்கு? நான் சொல்றேன், எழுதிக்கோ." யோசிக்காமல் கடகடவென்று சொன்னாள்.

எழுதிக்கொண்டே வந்த ஸ்கேல் பேனாவை நிறுத்தினாள். "அஞ்சு வயசுப் பிள்ளை அளவு மாதிரி இருக்கேக்கா?"

"அப்போ பெருசாவே தை. அடியில நாலு விரல் மடிப்பு விடு. மறந்துடாதே, நாலு விரல்."

"வளர வளரப் பிரிச்சு விட்டுக்கலாம்னு பாக்கறாங்க," என்றது பின்வரிசைக் குரல் ஒன்று. "அந்தக் கவுன்லயே பொண்ணுக்குக் கல்யாணத்தையும் முடிச்சுடுவாங்க!"

வகுப்பே சிரித்தது. கஞ்சக்காவும்தான்.

மஞ்சள் பருத்தித் துணி எடுத்தாள் ஸ்கேல். அடி ஓரம் முழுக்கச் சங்கிலித் தையலில் குருவிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிச்சில் கண். நாலு விரல் மடித்தபோது ஓரம் தடித்துத் தொங்கியது. குருவிகள் பறக்கிற மாதிரி இல்லை, விழுகிற மாதிரி இருந்தன. யோசித்து யோசித்து, இரண்டு விரலை விட்டுவிட்டு மீதியை வெட்டி எறிந்தாள்.

இப்போது கஞ்சக்காதான் முதலில் நீட்டினாள். டேப் வைத்துக்கொள்ள ஓர் உறை, அதன்மேல் கோடு கோடாக ஒரு குட்டி ஸ்கேல். டேப்பை உள்ளே போட்டால் கச்சிதமாக உட்கார்ந்தது. எப்போதுதான் அளந்தாளோ.

பிறகு கவுன் கைமாறியது. கஞ்சக்கா குருவிகளைப் பார்க்கவில்லை. நேராக அடியைத் திருப்பி, மடிப்பின் மேல் நாலு விரலையும் சேர்த்து வைத்தாள். இரண்டு விரல் வெளியே நின்றன.

"மீதி எங்க?"

"வெட்டிட்டேன்க்கா. பாக்க நல்லா இல்லைன்னு..."

"வெட்டிட்டியா?"

"போச்சு, துணி வீணாப்போன ஏக்கத்துல அக்காவுக்கு ஜுரமே வந்துடும்," என்றது பின்வரிசை. இந்தத் தடவை கஞ்சக்கா சிரிக்கவில்லை. கவுனைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு விடுவிடுவென்று வெளியே போய்விட்டாள்.

ஸ்கேலுக்கு முகம் சுண்டிப்போயிற்று. பின்னாலேயே ஓடினாள். மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள் அக்கா.

"ஒரு மடிப்புக்காக இப்படியாக்கா? கண்ணு பூத்துப்போற அளவுக்கு உக்காந்து தைச்சிருக்கேன். ஒரு குருவியையாவது பாத்தீங்களா?" ஸ்கேல் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "சரி, நாளைக்குப் பாப்பாவுக்குப் போட்டுப் பாருங்க. குட்டையா இருந்தா மாத்தித் தரேன்."

"நாளைக்கு எப்படிப் போட்டுப் பாக்கறது? வர்ற சனிக்கிழமைதான் முதல் தடவையா அவளைப் பாக்க விடறாங்க. ஒரு மணி நேரம்னு கோர்ட்டுல சொல்லியிருக்காங்க."

"கோர்ட்டா?" என்றாள் ஸ்கேல்.

"குட்டையா இருந்தா அங்கேயே மடிப்பைப் பிரிச்சு விட்டு, போட்டு அனுப்பிடலாம்னு இருந்தேன்," என்ற அக்கா, படிக்கு மேலே கையை நீட்டிக் காட்டினாள். கொஞ்சம் உயர்த்தினாள். திரும்பத் தாழ்த்தினாள். மறுபடி உயர்த்தினாள். எங்கே நிறுத்துவதென்று அந்தக் கைக்குத் தெரியவில்லை.

"அவங்கப்பா தூக்கிட்டுப் போன அன்னிக்கு இருந்த அளவைத்தாம்மா உனக்குச் சொன்னேன். இப்ப அவ எவ்வளவு உயரம்னு எனக்குத் தெரியாது."

ஸ்கேல் கவுனை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். டைரியில் அதே பக்கத்தில் கீழே எழுதினாள்:

"நாளைய வேலை: அதே மஞ்சளில் துணி வாங்கி, கவுனின் அடியில் பட்டை வைத்துத் தைப்பது. மடிப்பு, நாலு விரல். அளவு, தெரியாது."