வேப்பங்காய் கொடுத்த மிட்டாய்

"மிஸ்தான் குடுத்தாங்க" என்றாள் அந்தக் குழந்தை, என்னைக் கைநீட்டிக் காட்டி.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

தலைமையாசிரியையின் மேஜைமேல், காலையில் குழந்தையின் பைக்குள் அகப்பட்ட மிட்டாய்த் தாள்கள் இருந்தன. எல்லாம் ஒரே ரகம், காபி மிட்டாய். கசங்கலை விரலால் தேய்த்து நீவி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். எதிரே குழந்தையின் அம்மா உட்கார்ந்திருந்தாள். தையல் கடையில் வேலை பார்ப்பவள். வந்த அவசரத்தில் கழுத்திலிருந்த இஞ்சு டேப்பைக்கூடக் கழற்றியிருக்கவில்லை.

நானாவது மிட்டாய் கொடுப்பதாவது. இந்தப் பள்ளியில் மிட்டாய்க்கு என்னைவிடப் பெரிய எதிரி கிடையாது. வகுப்பறைக்குள் மிட்டாய், சாக்லேட், பிஸ்கட் எதுவும் கூடாது, பிறந்தநாளா, ஆளுக்கொரு பென்சில் கொடுத்தால் போதும் என்று விதி எழுதி, கரும்பலகைக்கு மேலே ஒட்டியவளே நான்தான். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் வேப்பங்காய். பைகளைத் துழாவிப் பிடிப்பதையெல்லாம் வாட்ச்மேனிடம் கொடுத்துவிடுவேன். இந்த விதியால் உடம்பு தேறிய ஒரே ஆள் அவர்தான்.

அப்படிப்பட்ட என் தலையில், இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கண்கூட இமைக்காமல் பழியைப் போடுகிறாள்.

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றி நல்லது எதுவும் நடந்ததாகச் சரித்திரம் இல்லை.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீங்க குடுத்திருக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும் மிஸ். அதை உங்க வாயால கேக்கத்தான் கடையில சொல்லிட்டு ஓடி வந்தேன்."

கோபத்தில் அவள் குரல் நடுங்கியது.

"இது இவ அப்பா வாங்குற மிட்டாய். இவளுக்கு இதை வாங்கித் தர்றதுக்கு வேற யாரும் இல்ல."

அப்போதுதான் எனக்குப் பாதி விளங்கியது.

போன வாரம் மதிய இடைவேளையில், பின்பக்கக் கம்பிக் கதவுக்கு வெளியே ஒரு ஆள் பைக்கை நிறுத்திவிட்டு நின்றிருந்தார். இந்தக் குழந்தை கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டியிருந்தாள். யாரென்று கேட்டேன். அப்பா என்றாள். அப்பா என்றால் முன்வாசல் வழியாக வரவேண்டியதுதானே என்று கேட்பதற்குள், இன்னொரு குழந்தை ஆடிய பல் விழுந்துவிட்டதென்று ஊரைக் கூட்டி அழ, நான் அந்தப் பல்லைத் தேடப் போய்விட்டேன்.

இவள் வீட்டில் பெரிய சண்டை, அப்பா கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று ஆசிரியர்கள் அறையில் பேசிக்கொண்டது இப்போது நினைவுக்கு வந்தது. எதற்குச் சண்டை, யார்மேல் தப்பு, ஒன்றும் தெரியாது.

"யாராவது வந்தாங்களா மிஸ்? எந்தப் பக்கமா வந்தாங்க? பாக்க எப்படி இருந்தாங்க?"

அம்மாவிடமிருந்து கேள்விமேல் கேள்வி. போலீஸ் தோற்றது.

உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். தலைமையாசிரியை பின்கதவுக்குப் பூட்டு வாங்கச் சொல்வார். வாட்ச்மேன் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். அப்பாவும் பெண்ணும் கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சேர்ந்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரம் அத்தோடு சரி.

சொல்லாவிட்டால்? பெற்றவள் கேட்கிறாள். அவளிடம் மறைக்க நான் யார்? அந்த ஆள் நல்லவரா கெட்டவரா என்றுகூட எனக்குத் தெரியாது. மிட்டாய் விஷயத்தில் கூடும், கூடாது என்று பட்பட்டென்று சொல்லியே பழகியவளுக்குத் தலை சுற்றியது.

குழந்தை என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. நான் ஏற்கெனவே ஒத்துக்கொண்டுவிட்டதைப்போல, நிம்மதியாகப் பார்த்தாள். அந்த நிம்மதியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"ஆமா மேடம், நான்தான் குடுத்தேன். கணக்கு சரியா போட்டா ஒண்ணு குடுப்பேன்."

"நீங்களா?" என்றார் தலைமையாசிரியை.

பிறகு பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் இந்த விதியைச் சொல்லித்தானே நாம் பெருமைப்படுகிறோம், ஒரு குழந்தைக்கு மட்டும் ரகசியமாகக் கொடுத்தால் மற்ற குழந்தைகள் என்ன நினைப்பார்கள், பல் சொத்தையானால் யார் பொறுப்பு. தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். மனசுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்தது அம்மாவின் முறை. அவள் எப்படித் திட்டினாலும் பதில் பேசுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

அவள் திட்டவில்லை.

குழந்தையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இஞ்சு டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப அவர் வரலையா?" என்றாள் கடைசியில்.

மேஜைமேல் இருந்த தாள்களை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"போன மழைக்கு முன்னால வீட்டை விட்டுப் போனவர் மிஸ். இருக்காரா இல்லையான்னு கேட்டுச் சொல்லக்கூட ஆளில்ல. காலையிலேர்ந்து, இருக்காருன்னு நெனச்சுட்டு இருந்தேன்."