சாட்சிக் கூண்டில் தெய்வானை

"சாட்சி தெய்வானை!" நீதிமன்றச் சேவகர் சத்தம் போட, குற்றஞ்சாட்டப்பட்டு எதிரிக் கூண்டில் நிற்கும் யோகராஜன் நிமிர்ந்து பார்க்கிறார். மாகாண அமைச்சராக இருந்தவர். அதற்கு முன் இதே கண்டி நீதிமன்றத்தில் பேர்பெற்ற சட்டத்தரணி. தேர்தல் சண்டையில் தெல்தோட்டை வாலிபன் ஒருவன் அடிபட்டுச் செத்தான். ஜீப்பில் இருந்தபடி "அடிங்கடா" என்று யோகராஜன் கத்தியதைக் கேட்டவள் தெய்வானை ஒருத்திதான். வெளியே மழை கொட்டுகிறது. உள்ளே மின்விசிறி கிறீச்சிடுகிறது. தேயிலைக் கொழுந்துக்கறை படிந்த விரல்களால் அவள் கூண்டின் கம்பியை இறுகப் பற்றியிருக்கிறாள். சட்டத்தரணியாக இருந்த காலத்தில் அவள் புருசனுக்காக வாதாடி, பொய் வழக்கிலிருந்து மீட்டுக் கொடுத்தவர் அவர். அன்றும் அவள்தான் சாட்சி. அந்த நன்றியை நினைவூட்டுவதுபோல் அவர் மெல்லச் செருமுகிறார். அவள் கண்கள் ஒரு கணம் அவர் பக்கம் வந்து, உடனே நீதிபதியிடம் திரும்பிவிடுகின்றன.

"பயமா இருக்கா அம்மா?" நீதிபதி சிங்களத்தில் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்கிறார்.

"பயந்தான் சாமி. பயந்தா யாரையும் பாக்காத, ஜட்ஜையா மொகத்த மட்டும் பாத்து, காதுல கேட்டத கேட்டபடி சொல்லுன்னு அன்னைக்கு இந்த ஐயாதான் சொல்லிக் குடுத்தாரு."