ஆர் விகுதி

மறுபடியும் 'குதித்தான்' என்று கிடந்தது.

நேற்று சாயங்காலம்தான் அவள் அதைக் 'குதித்தார்' என்று திருத்தியிருந்தாள். அதற்கு முந்தைய வாரமும் திருத்தினாள். யாரோ வந்து ஒரே ஓர் எழுத்தை மாற்றிவிட்டுப் போகிறார்கள். பெயர் கிடையாது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண்கள்.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வீரப் பதக்கம் பெற்ற சிறுவர் சிறுமியரின் பட்டியல் அது. இணையத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். எழுதுகிறவர்கள் நிறையப் பேர். ஒழுங்கு பார்க்கிறவள் அவள் ஒருத்திதான். ஒரு வரியில் 'செல்வி', அடுத்த வரியில் 'குமாரி' என்றிருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. கூட எழுதுகிறவர்கள் அவளுக்கு 'விகுதி போலீஸ்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமையும் உண்டு.

எல்லாருக்கும் 'ஆர்' என்பது அவள் கொண்டுவந்த விதி.

பழைய செய்தித் துணுக்குகளில் அதிகாரி வீட்டுப் பெண் 'காப்பாற்றினார்'. கல் உடைக்கிறவர் வீட்டுப் பையன் 'காப்பாற்றினான்'. இரண்டும் ஒரே வயதுப் பிள்ளைகள். அதைப் பார்த்த கோபத்தில் உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல் பட்டியல் முழுவதையும் மாற்றினாள். யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

இப்போது இந்த ஒரு வரி மட்டும் அடங்க மாட்டேன் என்கிறது.

கு. மாசிலாமணி. வயது பதினொன்று. கல்குவாரிக் குட்டையில் தவறி விழுந்த ஏழு வயதுச் சிறுமியைக் காப்பாற்றக் குதித்தான். மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

மற்ற வரிகளைப் பார்த்தாள். எதிலும் யாரும் கை வைக்கவில்லை.

விளையாட்டுக்குச் செய்கிறார்களா? அல்லது கல் உடைக்கிறவர் மகனுக்கு எதற்கு மரியாதை என்கிற இளக்காரமா? அப்படி நினைத்ததும் அவளுக்குக் காது சுட்டது. வேறு எந்த வரியென்றாலும் போகட்டும் என்று விட்டிருப்பாள்.

அந்த ஏழு வயதுச் சிறுமி அவள்தான்.

பட்டியலில் எழுதுகிற யாருக்கும் இது தெரியாது. அப்பா அந்தக் குவாரியில் கணக்கராக இருந்தார். அது நடந்த மாதமே வேலையை விட்டுவிட்டு, குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். பிறகு அவர்களில் யாரும் மாசிலாமணி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. வளர்ந்த பின் அவளும் போகவில்லை. என்ன சொல்லிக்கொண்டு போவது? அவருக்கென்று அவள் செய்தது இந்த ஓர் 'ஆர்' மட்டும்தான்.

திருத்தினாள். காரணம் கேட்கும் பெட்டியில் வழக்கம்போல் 'சீர்மை' என்று எழுதினாள்.

குக்கர் கத்தியது. போய் அணைத்துவிட்டு வந்தாள்.

பட்டியலின் உரையாடல் பக்கத்தில் புதிதாக ஒரு குறிப்பு. அதே எண்கள்.

"நான் மாசிலாமணியோட அம்மாங்க. பேத்திதான் இத அடிச்சுக் குடுக்கறா. அவன் என்ற பையனுங்க. அவரு குதிச்சாருன்னு போட்டா ஆரோ மாதர இருக்குதுங்க. அவன அவன்னே இருக்க உடுங்க. அந்தப் புள்ள இப்ப எங்கிருக்குதோ, நல்லா இருந்தாச் சேரி."

அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

'ஆர்' என்றே விட்டால் பெற்றவளிடமிருந்து பிள்ளையை இன்னொரு தரம் பறிக்கிற மாதிரி. 'ஆன்' என்று மாற்றினால் பட்டியலில் அந்தப் பிள்ளைக்கு மட்டும் மரியாதை இல்லாத மாதிரி. எது மரியாதை என்பதே குழம்பிப் போயிற்று.

வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள்.

"குதிச்சான்."

இத்தனை வருடமும் அந்தக் குட்டையின் விளிம்பில் அவள் நினைவில் நின்றது ஒரு பெரிய ஆள். எல்லாம் தெரிந்து, யோசித்து, முடிவெடுத்துக் குதித்தவர்.

ஓர் எழுத்து மாறியதும் அவர் போய்விட்டார்.

பொத்தான் இல்லாத கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒரு பையன் நின்றான். மூக்கு ஒழுகியது. அவளுடைய மகன் வயதுதான். அந்த மகனைப் பற்றி அவள் நாள் முழுக்க வந்தான், தின்றான், தூங்கிவிட்டான் என்றுதானே சொல்கிறாள்?

பெரியவர் ஒருவர் குதித்தார் என்றால் கைகூப்பிவிட்டு இருந்துவிடலாம். பிள்ளை குதித்தான் என்றால் என்ன செய்வது?

அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள்.

பிறகு அந்த வரியில் 'குதித்தான்' என்று தன் கையாலேயே எழுதினாள். காரணப் பெட்டியைக் காலியாக விட்டாள். நாளைக்கு யாராவது வந்து, விகுதி போலீசே இப்படிச் செய்யலாமா என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

அந்த அம்மாவின் குறிப்புக்குக் கீழே பதில் எழுத ஆரம்பித்தாள்.

அம்மா, அந்தச் சிறுமி நன்றாக இருக்கிறார்.

அழித்தாள்.

அம்மா, அந்தச் சிறுமி நன்றாக இருக்கிறாள்.

இதுவும் யாரோ ஒருத்தியைப் பற்றிய செய்தியாக இருந்தது. அழித்தாள்.

மிச்சம் ஒரு விகுதிதான் இருந்தது. அதற்கு விரல் வரவில்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது.

அம்மா, அந்தச் சிறுமி நன்றாக இருக்கிறேன்.

எழுவாயும் பயனிலையும் பொருந்தவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும் பிழை.

திருத்தாமல் அனுப்பினாள்.