மிதிக்க ஒரு ஆள்

"மிதிங்க மதினி... அப்படியே பிடிச்சுக்கிடுங்க."

வேனுக்கு அடியிலிருந்து மெக்கானிக் ஜெஸ்வின் குரல் கொடுத்தான். டிரைவர் சீட்டின் நுனியில் உட்கார்ந்திருந்த காளீஸ்வரி, சேலையை முழங்காலுக்குள் இடுக்கிக்கொண்டு பிரேக்கை ஓங்கி மிதித்துப் பிடித்தாள்.

இலஞ்சித் தோப்புக்குக் காற்று வந்துவிட்டது, சாரல்தான் இன்னும் வரவில்லை. குற்றாலத்தில் சீசன் களைகட்டுவதற்குள் இந்த வண்டி ரோட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று முருகனை வேண்டிக்கொண்டுதான் அவள் மிதித்தாள்.

பிரேக் குழாயில் புகுந்த காற்றை எடுப்பது ஒற்றை ஆள் வேலை இல்லை. ஒருவர் மேலே இருந்து மிதிக்க வேண்டும், இன்னொருவர் கீழே படுத்துச் சக்கரத்தின் பின்னால் இருக்கும் நிப்பிள் திருகைத் திறந்து மூட வேண்டும். இந்த வேனை ஓட்டிய அவள் புருஷன் பாண்டிராஜ் அடிக்கடி வீட்டு வாசலிலேயே வண்டிக்கு அடியில் படுத்துவிடுவான், இவள் ஏறி மிதிப்பாள். ரெண்டு நாளில் பிரேக் மறுபடியும் பஞ்சாக அமுங்கும்.

"பிரேக் சிலிண்டர மாத்தாம இது சரியாவாது அண்ணாச்சி" என்று ஓனர் பேச்சிமுத்துவிடம் சொல்லிச் சொல்லிப் பாண்டிராஜுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். "ஓடுத வரைக்கும் ஓட்டுலே" என்பதற்கு மேல் அந்த மனுஷனிடம் பதில் கிடையாது.

ஐந்தருவி ரோட்டு இறக்கத்தில் ஒரு நாள் வண்டி நிற்கவில்லை. ரோட்டோரம் பழம் விற்றுக்கொண்டிருந்த பெரியவரை அடித்துவிட்டுப் புளியமரத்தில் போய் மோதியது. பெரியவர் அங்கேயே போய்ச் சேர்ந்தார்.

பாண்டிராஜ் தாடை உடைந்து, வாயில் கம்பி கட்டி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். பேச்சு இல்லை. கட்டிலின் கால்மாட்டுக் கம்பியை வலது காலால் விடாமல் உதைத்துக்கொண்டே இருக்கிறான். வலி தாங்காமல் உதைக்கிறான் என்று நர்ஸ் சொன்னாள், இவளும் அப்படித்தான் நினைத்தாள்.

வேறு டிரைவரிடம் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள் என்று காலில் விழுந்தாவது கேட்கத்தான் இன்று காலை தோப்புக்கு வந்தாள். வந்த இடத்தில் அண்ணாச்சி வேறு ஆளாக இருந்தார். போலீஸ் ஸ்டேஷனில் நிறுத்த இடமில்லை என்று யாரையோ பிடித்து வண்டியைத் தோப்புக்கே இழுத்து வந்திருந்தார். புது சிலிண்டர் வேறு வாங்கிப் போட்டிருந்தார்.

"சாவி உன் மாப்பிள்ளைக்குத்தான்ட்டி. கேஸையும் நானே பாத்துக்கிடுதேன், நீ கவலப்படாத."

ஒரு உயிர் போன பிறகாவது மனுஷனுக்குப் புத்தி வந்ததே என்று காளீஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. மிதிக்க ஆள் இல்லாமல் ஜெஸ்வின் முழித்துக்கொண்டு நின்றான். "நான் மிதிக்கேன்" என்று அவளே ஏறி உட்கார்ந்தாள்.

நாலு சக்கரமும் முடிந்தது. பிரேக் கொஞ்சமும் இறங்கவில்லை.

"கல்லு கணக்கா நிக்கி ஜெஸ்வின். அவுக பாத்தா எம்புட்டு சந்தோசப்படுவாக."

ஜெஸ்வின் ஸ்பேனரைக் கீழே வைத்தான். பாண்டிராஜும் அவனும் ஒரே பொட்டலத்தில் பரோட்டா தின்றவர்கள். அவன் தோப்பு மண்ணை அள்ளிப் பழைய ஆயிலில் குழைத்தான். அதைப் புது சிலிண்டரின் மேல் அப்பிப் பூசினான்.

"புதுசுல போயி எதுக்கு அழுக்கப் பூசுத?"

"புதுசுன்னா கண்ணு பட்டுரும்லா மதினி." அவன் தலையை நிமிர்த்தவே இல்லை.

இருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள். நசுங்கின முன்பக்கமும் உடைந்த லைட்டும் அப்படியே இருந்தன.

"இதெல்லாம் மாத்தலியா அண்ணாச்சி?"

"அதெல்லாம் பொறவு. இப்ப ஆபீசர் வாராரு. அவரு பாத்து எழுதிக் குடுத்தாத்தான் வண்டி ரோட்டுக்கு வரும். பிரேக்கப் பத்திக் கேட்டா நல்லா இருக்குன்னு சொல்லு, வளவளன்னு இழுக்காத."

ஜெஸ்வின் கையைக்கூடக் கழுவாமல் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போயிருக்கலாம் என்று அவளுக்குக் குறையாக இருந்தது.

சற்று நேரத்தில் ஜீப் வந்தது. காக்கிச் சட்டையில் பிரேக் இன்ஸ்பெக்டர் இறங்கினார், கூடவே ஒரு போலீஸ்காரர். இன்ஸ்பெக்டர் குனிந்து வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு வேனில் ஏறித் தென்னைகளுக்கு நடுவே ஓட்டிப்போய்ச் சட்டென்று பிரேக் பிடித்தார். வண்டி பிடித்த இடத்திலேயே நின்றது.

காளீஸ்வரிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மிதித்த கால் இன்னும் கடுத்தது, அதுகூட நல்லதாகவே இருந்தது.

"டிரைவர் சம்சாரம் சார்" என்று அண்ணாச்சி அவளை முன்னால் தள்ளினார். "நான் சொன்னா ஓனர் சொல்லுதான்னு நெனைப்பீக. அவகிட்டயே கேளுங்க."

"ஏம்மா, வண்டியில பிரேக் எப்படி?"

ஒரு வார்த்தை தப்பினாலும் சாவி கைமாறிப் போகும் என்று அவளுக்குப் பயம். குரலைச் செருமிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"நல்லாப் பிடிக்கும் சார். அதுல ஒரு கொறையும் கெடையாது."

போலீஸ்காரர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் சீட்டிலிருந்து இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்தார்.

"அப்ப உன் வீட்டுக்காரன்தான்மா மிதிக்கல."