நானூற்றெண்பதாம் நாள்

ஐப்பசி அடைமழை இரவெல்லாம் பொழிந்து ஓய்ந்திருக்கிறது. கார்முகில் கலையாத காலையில் காவிரி செந்நிறமாய்க் கலங்கிச் செல்ல, அம்மா மண்டபச் சாலையின் மரங்கள் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கின்றன. ஆற்றோரத்து நீரேற்று நிலையத்தில் ஒப்பந்தப் பணியாளர் கமலவல்லி, மேசைமேல் விரித்த இரண்டு ஏடுகளையும் மாறி மாறிப் பார்க்கிறாள். ஈராண்டில் நானூற்றெண்பது நாள் உழைத்திருந்தால் நிரந்தரப் பணி கேட்கலாம். வருகைப் பதிவேட்டில் ஒரே ஒரு நாள் குறைகிறது. அந்நாளுக்கு நேரே சிவப்பில் பெருக்கல் குறி. மோட்டார் பதிவேட்டிலோ அதே நாளில் அவளுடைய கையெழுத்து.

“அன்னிக்கு உங்களுக்கு பிரேக்குங்க, வேலை இல்லாத நாள்னு கணக்கு,” என்கிறார் எழுத்தர் இம்தியாஸ். “பிரேக்னு எழுதிட்டு, ஊருக்குத் தண்ணி இல்ல, ஓடி வாங்கன்னு போன் பண்ணினது நீங்கதானே சார்? அப்ப மோட்டாரைப் போட்டது யாரு, என் ஆவியா?” அவர் சிரிக்கத் தொடங்கி நிறுத்துகிறார், கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். “ரெண்டும் ஆபீஸ் புக்குதாம்மா. எதை நெஜம்னு எழுதறது? எனக்கே புரியலை.” அவருடைய பேனா இரண்டு ஏடுகளுக்கும் நடுவே அசையாமல் நிற்கிறது. அன்று வந்தவள் தான்தானா என்று ஐயுற்றவள்போல், கமலவல்லி தன் கையெழுத்தை விரலால் தடவுகிறாள்.

வெளியே நாகசுரம் நெருங்குகிறது. அரங்கனின் திருமஞ்சனத்துக்குப் பொற்குடத்தில் காவிரி நீர் யானைமேல் போகிறது. கமலவல்லி மோட்டார் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருகிறாள். செருப்பைக் கழற்றிவிட்டு, ஏட்டை உள்ளங்கைகளுக்கிடையே வைத்தபடியே கைகூப்புகிறாள்.

நீர் தருவோர் யாவரும் நிலைபெற்று வாழ்க.