பன்னிரண்டாவது குறை

“அந்தக் கதவைத் தொடாதீங்கம்மா, கையோட வந்துடும்.”

காரை வாங்க வந்திருந்த பல் டாக்டர் அம்மா சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். பெரியவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார். அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் குறைகள் மொத்தம் பதினொன்று. தப்பும் தவறுமாக அவரே எழுதியது.

“ஒண்ணு, கதவு. ரெண்டு, மழை பெஞ்சா மேல்கூரை ஒழுகும். வண்டிக்கு வெளிய நின்னா கொஞ்சம் கம்மியா நனையலாம். மூணு, உள்ள உட்கார்ந்தா எழுந்திரிக்க முடியாது, ஒரு ஆள் கையைப் பிடிச்சு இழுக்கணும். அது வண்டியோட குறையா, என் முழங்காலோட குறையான்னு இன்னும் முடிவாகல.”

“நாலு, ஓட்டுறவருக்குக் கண்ணு தெரியாது. அதையும் படிங்க!” என்று சமையலறை ஜன்னலிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

விவகாரமே அதுதான். இனிமேல் வண்டி ஓட்டக்கூடாது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். “ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒண்ணு அந்த வண்டி போகணும், இல்லன்னா நான் போகணும்” என்றார் மனைவி. பெரியவர் உடனே பதில் சொல்லாமல் யோசித்தது இன்னும் பெரிய வம்பாகிவிட்டது.

கடைசியில், “விக்கிறேன். ஆனா பொய் சொல்லி விக்க மாட்டேன்” என்றார். அதை யாரால் மறுக்க முடியும்? காகிதம் தயாரானது. வந்த மூன்று பேரும் ஆறாவது குறையைத் தாண்டவில்லை. பெரியவருக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டியவர் அவர். முதலாளி தொழிலை மூடும்போது இந்தக் காரை அவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். அதுவரை தெருவில் ஒரு நாயும் அவரைத் திரும்பிப் பார்த்ததில்லை. இதில் போனால் எல்லோரும் பார்த்தார்கள். இறங்கியதும் பழையபடி பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்கள். அது வேறு விஷயம்.

இன்ஜின் சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். “சிங்கம்டி!” என்பார்.

“நாலஞ்சு வருஷமா அதைக் கேட்டு, பால் வண்டி வந்துட்டுதுன்னு நான்தான் வாசலுக்கு ஓடுறேன்” என்பார் மனைவி.

“உனக்குக் காது போச்சு.”

“உங்களுக்குக் கண்ணு. ஜோடிப் பொருத்தம்தான்.”

பெரியவர் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. காரை சர்வீசுக்கு விடுமுன் டயர், பேட்டரி, ஸ்பார்க் பிளக் வரைக்கும் ஆணியால் ஒரு கீறல் போட்டுவிடுவார். எவனும் மாற்றிவிடக்கூடாதாம். இருபது வருடமாக ஒரே மெக்கானிக். அவனை நம்பினார் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவையும் கீறல் சரியாக இருந்தது, அவ்வளவுதான். இன்றைக்கும் அவனை வரச் சொல்லியிருந்தார். அவன் சுத்தமாக இருந்த கையைத் துணியால் துடைத்துக்கொண்டே நின்றான்.

பதினோரு குறையும் முடிந்தது. பல் டாக்டர் அம்மா ஓடவில்லை. சிரித்தார்.

“தினமும் என்கிட்ட வர்ற வாயெல்லாம் இதைவிட மோசம். நான் சரி பண்ணிக்கிறேன். உங்களை மாதிரி உள்ளதைச் சொல்ற ஆளை நான் பார்த்ததே இல்லைங்க. கேட்ட விலைக்கே எடுத்துக்கிறேன்.”

பொய் சொல்லிக் கெட்டவர்களைப் பெரியவர் பார்த்திருக்கிறார். உண்மையைச் சொல்லிக் கெட்ட முட்டாள் தான் ஒருவன்தான் என்று பட்டது.

“ஒண்ணே ஒண்ணு” என்றார் டாக்டர் அம்மா. “எது பழுதானாலும் பரவாயில்ல. இன்ஜின் மட்டும் இந்த வண்டியோட பிறந்ததா இருக்கணும்.”

“இன்ஜினுக்கு என்னம்மா, தங்கம்! பானெட்டைத் திறந்து பார்க்கவே வேண்டாம்” என்றான் மெக்கானிக் அவசரமாக.

‘கெடுத்தான் பாவி’ என்று நினைத்துக்கொண்டார் பெரியவர். ஜன்னல் பக்கம் பார்த்தார். மனைவியைக் காணோம். இதைவிட்டால் வேறு வழியில்லை.

“அவன் எனக்காக மறைக்கிறாம்மா. பன்னிரண்டாவதா ஒரு குறை இருக்கு. எழுத வெட்கமா இருந்தது. இது இந்த வண்டி இன்ஜினே இல்ல. ஏதோ ஒரு ஓட்டை ரொட்டி வேன்லேருந்து கழட்டி மாட்டினது.”

டாக்டர் அம்மா மெக்கானிக்கைத் திரும்பிப் பார்த்தார். “அப்படியா?”

அவன் முகம் வெளிறிப் போயிருந்தது. மெல்லத் தலையை ஆட்டினான்.

“நல்லவேளை சொன்னீங்க. ரொம்ப நன்றிங்க” என்று பெரியவரைக் கும்பிட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

பெரியவர் நெஞ்சு நிமிர்ந்தது. குறிப்பறிந்து எப்படி ஒத்து ஊதினான்! இருபது வருடத்தில் முதல் தடவையாக அவனை நம்பலாம் என்று தோன்றியது. போய் அவன் தோளில் கை வைத்தார்.

அந்தக் கையை அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“மன்னிச்சுடுங்கண்ணே! அஞ்சு வருஷத்துக்கு முன்னால, ஆயில் ஊத்த மறந்து ஓட்டிப் பார்த்துட்டேன். இன்ஜின் போச்சு. உங்க வாய்க்குப் பயந்து வேற இன்ஜினை வச்சு, நீங்க கீறின பிளக்கை எல்லாம் அதுல மாட்டிக் கொடுத்துட்டேன். தெரிஞ்சும் இத்தனை நாளா என்னை ஒரு வார்த்தை கேட்கலையே நீங்க!” என்று தேம்பினான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: “ஆனா ஒண்ணுண்ணே... அது ரொட்டி வேன் இல்ல. பால் வேன்.”