அத்தான் பார்த்துச் சொன்ன வண்டி

"உதுக்கு வண்டி எண்டு பேர் வைச்சவன் ஆர் பிள்ளை? முதலிலை அவனைக் காட்டு. அவனோடை எனக்கு ஒரு கதை இருக்கு."

தியாகலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தப் பழைய மூன்று சில்லு வண்டியைச் சுற்றி வந்தார். உடுவிலில் செபமாலையின் வளவுக்குள், வேப்பமரத்தின் கீழ் அது கிடந்தது. முன்னுக்கு ஓட்டுகிறவனுக்கு ஓர் இருக்கை, பின்னுக்குச் சாமான் ஏற்ற ஒரு பெட்டி. அந்தக் காலத்து வண்டி. இப்போது தெருவில் காணக் கிடைக்காது. பெட்டிக்குள் ஓர் ஆடு படுத்திருந்தது. இருக்கையில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

அவருடைய மனைவியின் தங்கை குணலட்சுமி இரண்டடி தள்ளிப் பவ்வியமாக நின்றாள். புத்தூரில் தோட்டம் செய்கிறவள். புருசன் கட்டாரில். மரக்கறியைச் சந்தைக்கு ஏற்றிப்போக மலிவாக ஒரு வண்டி வேண்டும், வந்து பார்த்துச் சொல்லுங்கோ என்று அத்தானைக் கூட்டி வந்திருந்தாள். மாடோ மோட்டரோ, பார்த்த பார்வையில் எடை போடத் தன்னை விட்டால் ஆளில்லை என்பது தியாகலிங்கத்தின் நினைப்பு.

"பழசுதான் அத்தான். ஆனால் மலிவாத் தருகினமாம்."

"மலிவோ? ஆட்டையும் கோழியையும் சேர்த்துத் தந்தால் யோசிக்கலாம். ஆடாவது தேறும்."

செபமாலை நெளிந்தார். "ஒருக்கா ஸ்ராட் பண்ணிக் காட்டட்டே அண்ணை?"

"பேசாமல் இரும்! உந்த வண்டியை உலுப்பினால் கழண்டு விழுகிற ஆணியை ஆர் பொறுக்கிறது?"

வாய் அப்படிச் சொன்னதே தவிர, வண்டியில் கை வைத்த உடனேயே அவருக்கு ஆசை வந்துவிட்டது. இரும்பில் ஏறிய கறள் எல்லாம் மேலோட்டம்தான். தகரம் நல்ல தடித்த தகரம். இப்போது வருகிற வண்டிகள் நாலு மூட்டை வெங்காயத்துக்கே முனகுகின்றன. இது மலையையும் இழுக்கும். கலியாண வீடுகளுக்குக் கதிரையும் சமையல் கிடாரமும் வாடகைக்குக் கொடுப்பது அவர் தொழில். ஏற்றிப் போக ஒவ்வொரு முறையும் உழவு இயந்திரக்காரனிடம் போய்ப் பல்லிளிக்க வேண்டியிருக்கிறது. இது மட்டும் கைக்கு வந்தால் ஒருவனையும் கெஞ்சத் தேவையில்லை. கத்தரிக்காய் ஏற்றுகிறவளுக்கு எதற்கு இப்படி ஒரு வண்டி? என்ஜின் சத்தம் நல்லதாகக் காதில் விழுந்துவிட்டால் அவள் பிறகு விடமாட்டாள். ஆகவே ஸ்ராட் பண்ணவே விடக்கூடாது.

இது அவருக்குப் புதிய வித்தையும் அல்ல. முன்பு அவள் ஆசைப்பட்ட கறவைப் பசுவுக்குச் சுழி பிழை, வீட்டுக்கு ஆகாது என்று சொன்னார். இப்போது அந்தப் பசுவின் பாலில்தான் அவர் வீட்டில் தேநீர் போடுகிறார்கள். குணலட்சுமி அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. பாவம், அவளுக்கு அவ்வளவு மூளை போதாது.

"நல்லாக் கேள் பிள்ளை," என்று விரலை மடக்கத் தொடங்கினார். "என்ஜின் இறுகிப் போச்சு. கீழை தாங்கிற செசிச் சட்டம் வெடிச்சிருக்கு. மூண்டாம் கியர் சென்மத்துக்கும் விழாது. உந்த வண்டியை வாங்கினால் நீதான் அதைச் சுமக்க வேணும்."

எல்லாம் வாய்க்கு வந்தவை. ஒன்றையும் அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"எண்டாலும் மனம் கேக்குதில்லை அத்தான். இண்டைக்கு அட்டமி, நாளைக்கு நவமி. ரண்டும் கழிய வந்து அச்சாரம் குடுப்பம் எண்டு பாக்கிறன்," என்று சொல்லிவிட்டு அவள் தன் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

விசரி! இவ்வளவு சொல்லியும் ஆசை விடவில்லையே! தியாகலிங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சந்தி மட்டும் போய், ஒரு சோடா குடித்துவிட்டு, மோட்டார் சைக்கிளைத் திருப்பினார்.

"அந்தத் தங்கச்சி பிறகு வாறன் எண்டு சொன்னவ எல்லே அண்ணை," என்று இழுத்தார் செபமாலை.

"அவள் அட்டமி நவமி பாத்துக்கொண்டு இருக்கட்டும். உமக்குக் காசு வேணுமோ, பஞ்சாங்கம் வேணுமோ?"

"விலை குறைக்கேலாது. ஒருக்கா ஸ்ராட் பண்ணிப் பாத்திட்டு..."

"எனக்குப் படிப்பிக்கிறீரோ? சத்தம் கேட்டு நாலு பேர் கூடுறதுக்கு முதல் காசைப் பிடியும்." மடியில் இருந்ததோடு, சந்தியில் வங்கி இயந்திரத்தில் எடுத்ததையும் சேர்த்து நீட்டினார். "ஆனால் ஒண்டு. குடுத்தது குடுத்ததுதான். அவள் வந்து அழுதாலும், ஆர் வந்து கேட்டாலும், விற்பனை மாறக்கூடாது. சத்தியம் பண்ணும்."

"மாதாவாணை மாறமாட்டன் அண்ணை. நீங்களும் மாறக்கூடாது."

"நானோ? சீ! நான் ஒரு சொல்லுக்காரன்."

செபமாலை காசை எண்ணக்கூட இல்லை. வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"தங்கச்சி, உங்கடை வண்டி வித்துப் போச்சு. வந்து காசை வாங்குங்கோ."

தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே வந்தவள் குணலட்சுமி.

"போன வருசம் உங்களைக் கேக்காமல் உந்த வண்டியை வாங்கி ஏமாந்து போனன் அத்தான். நீங்கள் சிரிப்பியள் எண்ட பயத்திலை வெளியிலை சொல்லேல்லை. இந்த வீட்டு வாசலோடை நிண்டது, பிறகு அசையவே இல்லை." காசை வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, உண்மையிலேயே வியந்தவளாக அவரைப் பார்த்தாள். "எண்டாலும் உங்களைப் போல ஆள் வராது. என்ஜின் இறுகினது, செசி வெடிச்சது, மூண்டாம் கியர் விழாதது... உவ்வளவையும் கண்டுபிடிக்க மெக்கானிக்மாருக்கு ஒரு வருசம் எடுத்தது. நீங்கள் குனியாமலே சொல்லிப்போட்டியள்!"